மறியல் வாரத்து வெந்நீர்

என் இடுப்புக்கு முதன்முதலாக விடுமுறை கொடுத்தது ஒரு சாலை மறியல். எண்பதுகளின் பிற்பாதியில் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் எல்லாம் மரங்களை வெட்டிப் போட்டு, ஒரு வாரம் போல எந்த வண்டியும் ஓடாமல் செய்தார்களே, அப்போது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தைப் பற்றியும் அதில் போன உயிர்களைப் பற்றியும் சொல்லத் தகுந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது என் இடுப்பைப் பற்றித்தான்.

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. குழந்தை இன்னும் இல்லை. வீடு கள்ளக்குறிச்சியில், வேலை வெள்ளிமலையில். கல்வராயன் மலையில் பள்ளிக்கூட டீச்சர் என்று சொன்னால், "அடடா, குளுகுளுன்னு இருக்குமே" என்பார்கள். குளுகுளுவென்றுதான் இருக்கும். அந்தக் குளிருக்குப் போய்ச் சேர்வதற்குள் பேருந்து ஆளை உலுக்கி எடுத்துவிடும். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். எனக்கு வழக்கமாக வாய்ப்பது பின் சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை. ஒரு வளைவில் பக்கத்தில் இருப்பவர் மேல் நான் விழுவேன், அடுத்த வளைவில் அவர் என் மேல் விழுவார். யாருடையதோ ஒரு பலாப்பழம் உருண்டு வந்து கணுக்காலில் இடிக்கும். சாயங்காலம் அதே வழியில் இறக்கம். வீட்டு வாசலில் நான் வந்து நிற்கும்போது என் இடுப்பு மட்டும் இன்னும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும்.

வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். மாமியார் பொல்லாதவர் இல்லை. விடிந்ததிலிருந்து மாடு, வயல், களையெடுக்கும் ஆட்கள் என்று ஓடிக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் மனுஷியைக் கண்டால் அவருக்கு ஆகாது. யாராவது உடம்பு நோகிறது என்று சொன்னால், "உடம்புன்னா நோவத்தான் செய்யும்" என்பார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருக்காது.

கொல்லையில் வெந்நீர் அண்டா ஒன்று அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். முதலில் மாமனார் குளிப்பார். அடுத்து என் வீட்டுக்காரர். அப்புறம் மாமியார். என் முறை வரும்போது அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீரும், அது சூடாக இருந்த ஞாபகமும் மிச்சமிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தது எப்போது என்று யாராவது கேட்டால் தீபாவளிக்கு என்று சொல்லியிருப்பேன். எந்தத் தீபாவளி என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை என் மாமனாரின் தங்கை மகன். பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. மறியல் பற்றிச் சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். மாமனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காலையில உக்காருவாங்க, போலீசு வண்டியில ஏத்திக்கினு போவும், சாயங்காலம் வுட்டுடும். நாம தாலி கட்டுனதும் கெளம்பி வந்துடலாம்" என்றார். மூன்று பேரும் பட்டும் வேட்டியுமாக வேன் ஏறினார்கள்.

தாலி கட்டினார்கள். கிளம்பத்தான் முடியவில்லை.

அது தெரியாமல் நான் மறுநாள் காலை வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவுடன் பேருந்து நிலையத்துக்குப் போனேன். பேருந்துகள் எல்லாம் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் நிழலில் ஓட்டுநர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். நேரக் காப்பாளர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"வூட்டுக்குப் போங்க டீச்சர். ரோடெல்லாம் புளிய மரத்த சாச்சிப் போட்டுட்டாங்க. இன்னிக்கு மலையும் கெடையாது, ஒன்னும் கெடையாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அந்த மரம் அங்கதான இருக்கும்?"

வீட்டுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. காலை எட்டு மணிக்கு ஆள் இல்லாமல் என் வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் நீளமாகப் படுத்திருந்தது. பெருக்கியாயிற்று, சமைத்தாயிற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. செய்ய ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மதியச் சாப்பாட்டை அப்போதே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டேன். பிறகு, கொஞ்சமாகச் சாயலாம் என்று தரையில் வெயிலுக்குப் பக்கத்தில் நானும் படுத்தேன்.

யாரோ கதவை உடைக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். வெயில் ஜன்னலை விட்டே போயிருந்தது.

"டீச்சர்! ஏ டீச்சர்! உசுரோட இருக்கியா இல்லியா?"

பக்கத்து வீட்டு அக்கா. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மனைவி. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அவரும் பாயும்தான். கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா தட்டறேன் தெரியுமா? ஜன்னல் வழியா பாத்தா, கையும் காலும் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். போய்ச் சேந்துட்டியோன்னு நெனச்சிட்டேன்."

"தூங்கிக்கினு இருந்தேங்க்கா."

"பகல்லியா?" அக்காவின் முகத்தில் அதிர்ச்சி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது பொறாமையாக மாறியது. "எப்பிடி இருந்துச்சு?"

"சொர்க்கம்க்கா."

அக்கா வாசலை ஒரு முறை பார்த்தார். தெரு காலியாகக் கிடந்தது. கடைகள் மூடியிருந்தன. பெரிய ரோட்டில் எப்போதும் கேட்கும் லாரிச் சத்தம்கூட இல்லை. "எங்க, கொஞ்சம் நவுரு" என்று உள்ளே வந்து, நான் படுத்திருந்த இடத்தில் முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். "பத்து நிமிஷத்துல எழுப்பி வுடு" என்றார். நான் எழுப்பவில்லை. பக்கத்திலேயே படுத்து, தூக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

எழுந்ததும்தான் அவர் எதற்காக வந்தார் என்று சொன்னார். பாய் சரக்கு எடுக்க விழுப்புரம் போனவர். போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். ஒரு தகவலும் இல்லை. "தனியா இருந்தா மனசு இன்னா இன்னாவோ நெனைக்குது. அதான் ஒன் கதவ தட்டுனேன்" என்றார். உடனே, அதைச் சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல, "அது கெடக்கட்டும், ஒன் குதிகாலு இன்னா இப்பிடி வெடிச்சிக் கெடக்குது? மலையில ஏர் ஓட்டறியா?" என்றார்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கிவிட்டது. அக்கா வயல் வேலியோரம் போய் ஒரு கட்டு நொச்சித்தழை ஒடித்து வந்தார். அதை அண்டாவில் போட்டு, நான் அடுப்பை மூட்டினேன். பிள்ளை பெற்றவளுக்குத்தான் நொச்சித் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். "எதுக்குப் புள்ள பெக்கற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்? இடுப்பு இப்பவே இருக்குதில்ல?" என்றார் அக்கா. நான் அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினேன்.

ஓர் அண்டா வெந்நீர். முழு அண்டா. ஆவி பறக்கிறது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. முதல் சொம்பை இடுப்பில் ஊற்றியபோது என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மாடு திரும்பிப் பார்த்தது. இரண்டாவது சொம்புக்கு நான் கூச்சத்தை விட்டுவிட்டேன். மாடும் பழகிவிட்டது.

அப்புறம் அக்காவுக்கு நான் ஊற்றினேன். அவருக்கு முழங்கால் வலி. கடையில் மூட்டை பிரிப்பதும் பருப்புப் புடைப்பதும் அவர்தான், பாய் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து முழங்காலில் ஒத்தடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான், அங்கதான், கொஞ்சம் மேல" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஒத்தடம் ஆறியதும் கண்ணைத் திறந்தார். "அந்தாளுக்குச் சக்கர இருக்குது டீச்சர். வேளைக்குத் தின்னாரோ இல்லியோ" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்பை மறுபடி சூடு பண்ணினேன். கைக்கு ஒரு வேலை, உடம்புக்கு ஒரு சூடு இருந்தால் மனசு சற்று அடங்கி உட்காரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாளும் பேருந்து இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒவ்வொரு காலையும் கடமைக்காகப் பேருந்து நிலையம் வரை போய், நேரக் காப்பாளர் தலையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு திரும்புவேன். தெருமுனை திரும்பியதும் நடை தானாக வேகமாகிவிடும். அக்கா அதற்குள் அடுப்பை மூட்டியிருப்பார்.

செய்திகளும் வந்துகொண்டிருந்தன. எங்கோ சுட்டார்கள் என்றார்கள். ஒரு நாள் மத்தியானம் போலீஸ் வண்டிகள் வரிசையாகத் தெருவைக் கடந்து போயின. அன்றைக்கு நாங்கள் வெந்நீர் அடுப்பு மூட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வடித்த கஞ்சியை ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலம்தான் விழுப்புரத்திலிருந்து நடந்தே வந்த ஒரு வியாபாரி, பாய் பள்ளிவாசலில் பத்திரமாக இருப்பதாகவும், வேளைக்குச் சாப்பாடு கிடைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வெள்ளிக்கெழம. ரெண்டு பேரும் எண்ணெ தேச்சிக் குளிக்கறோம்" என்று அறிவித்தார்.

அந்த வெள்ளிக்கிழமையில்தான் வினை வந்தது.

நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொண்டோம். அக்காவின் கை மூட்டை பிரித்த கை. என் தோளில் பல வருடமாகக் குடியிருந்த முடிச்சுகளை எல்லாம் அது ஒவ்வொன்றாகக் காலி செய்தது. ஊறிவிட்டு நான் முதலில் குளிக்கப் போனேன். சீயக்காயைத் தலையில் அப்பிக் கசக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு தட்டும் சத்தம்.

"அண்ணி! அண்ணி! நான்தான்!"

என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். போராட்டத்தில் முன்னால் நின்றவர். அந்த வாரம் முழுக்க மாவட்டத்தில் எல்லா ரோடும் திறந்திருந்தது அவர் சைக்கிளுக்கு மட்டும்தான். அவசரமாகத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடிய அவசரத்தில் சீயக்காய் இரண்டு கண்ணிலும் இறங்கிவிட்டது. சீயக்காய் கண்ணில் பட்டவர்களுக்குத் தெரியும், அது மிளகாய்க்கு அண்ணன். கதவை ஒரு சாண் திறந்து முகத்தை மட்டும் நீட்டினேன். தாரை தாரையாகக் கண்ணீர். கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"ஐயோ அண்ணி" என்றார் அவர். "எல்லாரும் உளுந்தூர்பேட்ட மண்டபத்துல நல்லா இருக்காங்க அண்ணி. நீங்க இப்பிடி ஆவாதீங்க."

"இல்லீங்க, எனக்கு ஒன்னும் இல்ல" என்று மூக்கை உறிஞ்சினேன். "நான் நல்லாத்தான் இருக்கேன். யாரும் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க. முக்கியமா, யாரும் அவசரப்பட்டு வர வேணாம்."

கடைசி வாக்கியத்தை நான் சத்தியமாக மனதாரச் சொன்னேன். அதுவே அவரை உடைத்துவிட்டது போலும். துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அடுக்களை மூலையில் அக்கா எண்ணெய் வழிய, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

உளுந்தூர்பேட்டையில் அவர் என்ன சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. "அண்ணி அழுது அழுது கண்ணு ரெண்டும் கோவப்பழம் மாரி ஆயிடுச்சி. நிக்க முடியல. கதவப் புடிச்சிக்கினுதான் பேசறாங்க. இருந்தும் யாரும் வர வேணாம்னு சொல்லுதுங்க, அந்த நல்ல மனசு."

இதைக் கேட்டபின் ஒரு புருஷன் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? என் வீட்டுக்காரர் பெண் வீட்டாரிடம் ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு மறுநாள் விடியும்போதே கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் மேசை வேலை பார்ப்பவர். கடைசியாக சைக்கிள் மிதித்தது படிக்கிற காலத்தில். நேர் ரோட்டில் மரங்கள் கிடந்ததால், ரிஷிவந்தியம் பக்கம் சுற்றி, வரப்பிலும் வண்டிப் பாட்டையிலுமாக வந்திருக்கிறார். பாதி தூரம் அவர் சைக்கிள் மேல் வந்தார், மீதி தூரம் சைக்கிள் அவர் மேல் வந்தது. வழியில் மறித்தவர்களிடம் எல்லாம், "பொண்டாட்டி தனியா கெடந்து அழுவறா" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் உடனே வழிவிட்டதோடு, சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தும் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கூழ் ஊற்றியிருக்கிறார்கள். இப்படி நான் அழுத கதை ஊர் ஊராகப் பரவிவிட்டது எனக்குத் தெரியாது.

அந்த மத்தியானம் நான் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். முகம் முழுக்கக் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரில் குழைத்துப் பூசியது, காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பின் கீழே உப்பு முடிச்சு. பக்கத்தில் அக்கா இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு, தன் சின்ன மருமகன் மீன் முள் எடுக்கத் தெரியாமல் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லைப்பக்கக் கதவு திறந்தது. முழங்கால் வரை சேறாக ஓர் உருவம் வந்து நின்றது.

அக்கா "அல்லா!" என்று ஒரு கூச்சல் போட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, அந்த முழங்கால் வலியோடு எப்படி ஓடினாரோ, வாசல் வழியாக மறைந்தார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா... இன்னா இது? காமாலையா?"

சிரித்தால் பூச்சு வெடிக்கும். சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. வெடித்துத் துண்டு துண்டாகப் பாயில் விழுந்தது. அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணம், நொச்சித்தழை, உப்பு முடிச்சு, பாதி சாப்பிட்ட வேர்க்கடலை உருண்டை.

"நீ அழுவலியா?"

"சீயக்கா பட்டுடுச்சிங்க."

அவர் உட்காரப் போனார். உட்கார்ந்த வேகத்திலேயே "ஆ" என்று எழுந்தார். சைக்கிள் இருக்கை தன் வேலையைக் காட்டியிருந்தது. அவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோபப்பட வேண்டும் என்று முகம் முயற்சி செய்தது, உடம்பில் அதற்குத் தெம்பு இல்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய இரும்புத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நொச்சி வெந்நீரை நிரப்பி, கல்லுப்பும் போட்டு, அரசாங்க ஊழியரான என் கணவரை அதற்குள் இறக்கினேன். முதலில் கத்தினார். பிறகு பல்லைக் கடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மாடு வந்து, தன் தொட்டியில் யார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தோளில் சூடாக எண்ணெய் தேய்த்துவிட்டேன். வெகு நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார்.

"இதான் பண்ணிக்கினு இருந்தியா இத்தன நாளும்?"

"ஆமாங்க."

"தெனமுமா?"

"ஆமாங்க."

"ஏன் எனக்குச் சொல்லி அனுப்பல?" என்றார். அவ்வளவுதான் அவருடைய வருத்தம். பிறகு, கண்ணைத் திறக்காமலேயே, "அங்க அம்மாவும் இதான் பண்ணிக்கினு இருக்காங்க" என்றார்.

நான் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டேன்.

"யாரு? அத்தையா?"

"நாம மாப்ள வூட்டுக்காரங்க இல்ல? கெளம்பவும் முடியல. பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா பண்ணுவாங்க, தாங்கிக்கினு இருக்காங்க. அம்மாவுக்கு மூணு வேளையும் எலையில சாப்பாடு. பொண்ணோட அத்த ஒருத்தவங்க தெனம் கால அமுக்கி வுடறாங்க. மருதாணி வேற வெச்சி வுட்டாங்க. நேத்து நான் போயி, 'அம்மா, அங்க மருமவ அழுவறாளாம், நான் நடந்தாவது போறேன், நீயும் வரியா'ன்னு கேட்டா, 'நான் எங்கடா நடக்கறது, நீ போயிட்டு வா'ன்னு திரும்பிப் படுத்துக்கினாங்க."

என் மாமியார் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்ற காட்சியை மனதில் கொண்டுவர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரோடு திறந்த அன்று மாமனாரும் மாமியாரும் ஒரு லாரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். பாயும் அன்றைக்கே வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். மாமியார் வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்தார்.

"ஐயோ, பட்ட பாடு போதும்மா. வேளைக்குச் சோறு இல்ல, தண்ணி இல்ல. கட்டாந்தரையில படுத்து முதுகே போயிடுச்சி. நீ ஒருத்தியா இங்க எப்பிடித் தவிச்சியோ."

"ரொம்பத் தவிச்சிட்டேன் அத்த" என்றேன். "ராத்திரி பகல்னு தெரியல."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பகலில் தூங்கியதால் உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். மருதாணி அடர்சிவப்பாகப் பற்றியிருந்தது. அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் கொல்லைக்குப் போனார். அங்கே பிழிந்து போட்ட நொச்சித்தழை ஒரு வைக்கோல் போர் அளவுக்குக் குவிந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"கொசு ஜாஸ்தியோ?" என்றார்.

"ஆமா அத்த. மூட்டம் போட்டேன்."

"ம்" என்றார். என் வீட்டுக்காரர் அவசரமாகத் தினசரித் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் தினசரியே வரவில்லை, அது பழையது.

பேருந்து ஓடத் தொடங்கியதும் நான் மறுபடி மலை ஏறினேன். முதல் நாள், பின் சக்கரத்து இருக்கையைத் தேடிப் போனவளை நடத்துநர் நிறுத்தினார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மறியல்ல புருஷன பிரிஞ்சி அழுவுன டீச்சர் நீங்கதானுங்களா?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி, "டீச்சருக்குக் குடுங்க, பாவம்" என்றுவிட்டார். மலைப்பாதையில் முன் இருக்கை என்பது என்ன என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு அப்புறம் அந்தத் தடத்தில் எனக்கு அந்த இடம்தான். சில நாள் யாராவது பரிவோடு பார்த்தால், கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொள்வேன்.

ஆனால் வீட்டுக்குள் எப்படி நேரம் ஒதுக்குவது? ஒரு வாரம் சூடு கண்ட இடுப்பு, பழையபடி இருக்க மறுத்தது. சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த மத்தியானம் எனக்கு வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் தொட்டி ஞாபகம் இருந்தது. அம்மாவிடம் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார். சாப்பிடும்போது, பருப்பைப் பிசைந்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா, டாக்டர் சொல்லி இருக்காரு. இவளுக்கு இடுப்பு எலும்பு கொஞ்சம் தேஞ்சிருக்காம். சனிக்கெழம மத்தியானம் வெந்நி ஊத்தி, எண்ணெ தேச்சி, ரெண்டு மணி நேரம் படுத்தே ஆவணுமாம்."

மாமியார் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த டாக்டரு?"

"அது... கடைத்தெரு பக்கம்."

"லேடி டாக்டரா?"

"ஆமாம்மா."

"பேரு இன்னா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன். மாமனார், தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஊறுகாயை நக்கினார்.

"செரி" என்றார் மாமியார். "டாக்டரு சொன்னா கேட்டுத்தான ஆவணும்."

சனிக்கிழமை மத்தியானம் நான் மலையிலிருந்து இறங்கி வந்தேன். அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யார் மூட்டியது என்று தெரியவில்லை. கொல்லை வாசற்படியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, வெடித்த குதிகாலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பலகை போட்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றார். "உளுந்தூர்பேட்டையில கொஞ்சம் பழகிப் போச்சி."

நான் ஒரு பலகையில் உட்கார்ந்தேன்.

அப்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம், இடுப்பில் ஒரு கட்டு நொச்சித்தழை. மாமியாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போவதா, தழையை மாட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சொல்வதா என்று அவர் முகத்தில் கணக்கு ஓடியது.

மாமியார் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.

"வாங்க டாக்டரம்மா" என்றார். "மொதல்ல என் காலப் பாருங்க."